அக்டோபர் முதல் நாள்

சரித்திரத்தை ஆண்டு வரிசையாகக் கற்பதே நம்மவர் வழக்கம். அரசர் ஆண்ட காலம், போர் மூண்ட காலம், சட்டம் பிறந்த காலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்வர் நூலாசிரியர். பஞ்சாங்கத்தில் ஒரு தேதியை மட்டும் தேர்ந்துகொண்டு, அத்தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நம் நாட்டில் நிகழ்ந்தவை யாவை என்று தேடுவதும் ஒரு முறையே. அம்முறையால் பெரும்பாலும் கிடைப்பவை உதிரிப் பூக்கள். அவற்றைக் கோக்க நார் அகப்படுவதில்லை. ஆனால் அக்டோபர் மாதம் முதல் தேதியைப் பொறுத்தவரை அந்த நார் அகப்படுகின்றது. அஃது எங்கோ தொலைவிலன்று, நம் சேலம் நாமக்கல் சமவெளியிலேயே திரிக்கப்பட்டது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாள் தமிழ்க் கணக்கில் புரட்டாசித் திங்களின் நடுவில் வருவது. ஊன் உண்போரும் அதை விலக்கித் திருமாலுக்கு நோன்பிருக்கும் மாதம் அது. சனிக்கிழமைகளில் மலைமேலுள்ள பெருமாள் கோயில்களுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் ஏறுவர். இந்த நோன்புக்கும் பின்னர்க் கூறப்போகும் செய்திக்கும் ஒருவிதப் பொருத்தம் உண்டென்று யாரேனும் சொன்னால் யாம் மறுக்கமாட்டோம். ஆனால் அதைக் காரணமாகக் கொள்ளவும் மாட்டோம்.

முதலில் சில்லறைச் செய்திகளைச் சொல்லிக் கடந்துவிடுவோம். 1847-ஆம் ஆண்டு இதே தேதியில் லண்டன் மாநகரில் பிறந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1893-இல் தூத்துக்குடித் துறையில் இறங்கி, அடையாற்றைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு, 1916-இல் ஹோம்ரூல் இயக்கத்தை நிறுவி, மறு ஆண்டு உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பெற்று, 1933-இல் அடையாற்றிலேயே உயிர் நீத்தவர். 1928-ஆம் ஆண்டு இதே தேதி நடிகர் சிவாஜி கணேசனின் பிறந்த நாள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கம்பெனியார் எடுத்த ‘திரும்பிப் பார்’ என்னும் படத்தில் அவர் நடித்தது 1953-இல். இவ்விருவரையும் நம் நாட்டார் மறவார்.

1854-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று முதல் இந்தியா முழுமைக்கும் தபால் முத்திரைகள் வழக்கத்துக்கு வந்தன. அதற்கு முன் கடிதத்துக்குக் கூலி தூரத்தை அளந்து வாங்கப்பட்டது. சேலத்திலிருந்து சென்னைக்கு ஒரு கட்டணம், கல்கத்தாவுக்கு வேறொரு கட்டணம். புதிய ஏற்பாட்டின்படி தூரம் கணக்கிலிருந்து ஒழிந்து, எடையே கணக்காயிற்று. கால் தோலாக் கடிதத்துக்கு அரையணா, அரைத் தோலாவுக்கு ஓரணா. கல்கத்தாவில் சர்வேயர் ஜெனரல் காரியாலயத்துக் கல்லச்சில் பதித்த நீல நிற அரையணா முத்திரையை ஒட்டிவிட்டால், திருச்செங்கோட்டுக் கடிதம் பெஷாவர் வரை போய்ச் சேரும். ஏழைக்கும் கடிதம் எழுத இயலும் என்ற நிலை அன்று பிறந்தது. இதனைக் காட்டிலும் விரிவாகச் சொல்லத்தக்கது வேறொன்று உளது. ஆதலின் அதற்குச் செல்வோம்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஒன்றுவிடாமல் மூடப்பட்டன.

அந்நாளைய சேலம் ஜில்லா மிகப் பரந்தது. வடக்கே மைசூர் எல்லையிலுள்ள ஓசூர் முதல், தெற்கே காவிரிக் கரையிலுள்ள பரமத்தி, மோகனூர் வரையில் அது நீண்டு கிடந்தது. இன்றுள்ள சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்னும் நான்கு மாவட்டங்களும் அதன் கூறுகளே. தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் சேலத்தினின்று பிரிந்தன. தருமபுரியினின்று கிருஷ்ணகிரி 2004-இல் பிரிந்தது. வானம் பார்த்த புன்செய் மிகுதி. சோளம், கம்பு, ராகி, நிலக்கடலை விளையும். நெசவு ஊருக்கு ஊர் உண்டு. வரப்புகளில் பனை, ஆற்றோரத்தில் தென்னை, வடபகுதிக் காடுகளில் ஈச்சமரம். கள்ளுக்கு வேண்டிய மரத்துக்குக் குறைவில்லை. குடியும் புதியதன்று. தகடூர் அதியமான் தான் பெற்ற கள்ளைப் பாணரோடும் புலவரோடும் பகிர்ந்துண்டதை ஔவையார் அவன் இறந்தபின் நினைத்துப் புலம்பினார் என்று புறநானூற்றில் கற்கின்றோம். அத்தகடூரே இன்றைய தருமபுரி. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் தமிழரே. ஆகவே வழக்கு இருபுறமும் பழையது.

மன்னன் மகிழ்ந்து அளித்த கள் வேறு, சர்க்கார் ஏலம் விட்ட கள் வேறு. இவ்வேறுபாட்டை உணராதார் 1937-ஆம் ஆண்டுச் செய்கையின் பொருளை உணரார். ஆங்கில ஆட்சியில் கள்ளுக்கு இருவகை வரி இருந்தது. இறக்கப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி ஒன்று. விற்கும் கடைக்கு ஆண்டுதோறும் நடைபெறும் ஏலத்தில் கட்டவேண்டிய குத்தகைப் பணம் மற்றொன்று. சாராயத்துக்குத் தீர்வை தனி. ஏலத்தில் போட்டி மிக மிகச் சர்க்காருக்கு வருமானம் மிகும். குத்தகைக்காரனோ தான் கட்டிய தொகையைக் குடிப்போரிடமிருந்து மீட்க வேண்டும். ஆகவே குடி பெருகினாலன்றி அவன் பிழைப்பு இல்லை. சந்தை கூடும் இடத்திலும், கூலி கொடுக்கும் நாளிலும் கடை காத்திருந்தது. இங்ஙனம் சேர்ந்த ஆப்காரி வருமானம் சென்னை மாகாணத்தின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பாலமும் இப்பணத்தையே நம்பியிருந்தன. ‘கடையை மூடினால் பள்ளிக்கூடத்தையும் மூட வேண்டும்’ என்பது அந்நாளில் பலர் கூறிய வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது.

தள்ள முற்பட்டவர் சேலத்து வக்கீல் ஒருவர். சக்ரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர்; 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர்; 1917 முதல் இரண்டாண்டு அந்நகரசபைத் தலைவராயிருந்தவர். தொழிலைத் துறந்து காந்தியடிகளைப் பின்பற்றியபின், 1925-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருச்செங்கோடு தாலூகா புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவினார். அதற்கு நிலம் அளித்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். நூற்பு, நெசவு, மருந்து, தீண்டாமை விலக்கு ஆகியவற்றோடு மதுவிலக்கும் அவ்வாசிரமத்தின் பணியாயிற்று. அங்கிருந்து ‘விமோசனம்’ என்னும் மாதப் பத்திரிகை மதுவிலக்கு ஒன்றையே பொருளாகக் கொண்டு வெளிவந்தது. அதன் பணியில் இராஜாஜிக்குத் துணையாயிருந்த இளைஞர் பின்னாளிற் ‘கல்கி’ என்று புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி. ஒரே பொருளைப் பற்றி மாதந்தோறும் எழுதிச் சலிப்பு வராமற் காப்பது எளிதன்று. பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று. ஆயினும் ஆசிரமத்தைச் சுற்றிய கிராமங்களில் குடியால் எந்த வீட்டில் என்ன நேர்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டவராய், கூலியில் எவ்வளவு கடைக்குப் போகின்றது, எவ்வளவு அடுப்புக்கு வருகின்றது என்பதை அறிந்தவராய் அவர் அதிகாரத்துக்கு வந்தார்.

1937-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி இராஜாஜி பிரதம மந்திரியாகப் பதவி ஏற்றார். மந்திரிகள் தங்களுக்கு மாதச் சம்பளம் 500 ரூபாய் என்று வரையறுத்துக்கொண்டனர். அம்மந்திரி சபையிற் கல்வி மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனும் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தாரே. பதவி ஏற்ற மூன்று மாதத்துக்குள் மதுவிலக்குச் சட்டம், அவ்வாண்டின் 10-ஆம் சட்டமாக, நிறைவேறியது. மாகாணம் முழுமையும் ஒரே நாளில் கடைகளை மூடுவதற்குப் பொக்கிஷம் இடங்கொடாது. ஆகவே ஒரு ஜில்லாவில் தொடங்குவோம் என்று துணிந்து, தம் சொந்த ஜில்லாவையே அவர் தேர்ந்தார். சோதனையில் தோற்றால் தம் ஊராரே முதலில் நகைப்பர் என்பதை அவர் அறியாதவரல்லர்.

அக்டோபர் 2-ஆம் தேதி காந்தியடிகளின் பிறந்த நாளாயிற்றே, ஏன் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கினர் என்று நண்பர் சிலர் வினவுவதுண்டு. கள்ளுக் குத்தகை ஆண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்கிச் செப்டம்பர் 30-ஆம் தேதி முடிவது; அதை அறிந்தார்க்கு விடை எளிது. பழைய குத்தகை முடிந்த மறுநாளே புதிய ஏலம் இன்றிக் கடை தானே மூடும். நடு ஆண்டில் மூடினாற் குத்தகைக்காரனுக்கு ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். கணக்கேட்டில் ஒரு பக்கம் முடியும் இடத்தில் கோடு கிழித்தாற் போன்ற செயல் அது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நம் பக்கத்திற் பனை சுரக்கும் பருவம் தை மாசியில் தொடங்கிக் கோடையிலே மிகும். ஆகவே மரம் ஏறிப் பிழைப்போருக்கு அக்டோபர் மாதத்தில் உடனே தெரியாத இழப்பு, மறு கோடையிலேதான் முழுமையாகத் தெரிந்தது. பாளையைச் சீவிக் கலயம் கட்டுவோர் அச்சமவெளியில் ஆயிரக்கணக்கினர். அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. மதுவிலக்கைப் புகழ்ந்தெழுதுவோர் பலர் இவர்களை ஒரு வரியிற் கடந்துவிடுவர், அது முறையன்று.

இவர்களுக்குக் காட்டப்பட்ட வழி, கள்ளாகாத இனிய சாற்றை இறக்குவது. தென்பாண்டி நாட்டார் பதநீர் என்பதை நம் கொங்கு நாட்டார் தெளுவு என்பர். பாளையிலிருந்து சொட்டும்போது சாறு வெறும் இனிப்பே. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றத் தொடங்க, விடிவதற்குள் அது புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. சாறு இனிப்பாகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் வெல்லம். ஆகவே கள்ளுக்கும் கருப்பட்டிக்கும் இடையே இருப்பது ஒரு கைச் சுண்ணாம்பே. ஆனால் பொருளாதாரம் அவ்வளவு எளிதாக இல்லை. கள் அன்றன்றே காசாகும். வெல்லம் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும், சட்டி வேண்டும், வீட்டாரின் உழைப்பு வேண்டும், பின்னர் விலை வரும்வரை பொறுமையும் வேண்டும். இறக்க உரிமம் பெற வேண்டும். சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்று அகப்பட்டாற் குற்றவாளி ஆவர். மரத்தின் மேலிருப்பவனைக் கீழிருந்து ஒருவன் எந்நேரமும் ஐயுற்று நோக்கும் நிலை அது.

அற்றேல் சோதனையின் பயன் யாது? பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் சேலம் ஜில்லாவில் குடும்பக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தனர். குடிக்குப் போன பணத்திற் பெரும்பகுதி உணவுக்கும் துணிக்கும் திரும்பியது என்றும், வீட்டுச் சச்சரவு குறைந்தது என்றும் தெரிவித்தனர். பெண்கள் இச்சட்டத்தைப் பெரிதும் வரவேற்றனர் என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், மைசூர் சமஸ்தானத்தை ஒட்டிய எல்லையில் கடத்தலும், மலையடிவாரங்களிற் கள்ளச்சாராயமும் தோன்றின. உலகத்தார் கண்ணுக்கு இது துணிச்சலான செயலாகவே பட்டது. ஏனெனில் அமெரிக்க ஐக்கிய நாடு 1920-இல் தொடங்கிய மதுவிலக்கை 1933-ஆம் ஆண்டு டிசம்பரிற் கைவிட்டு நான்காண்டு கூட ஆகவில்லை. அமெரிக்காவில் தோற்றது ஆத்தூரிலும் அரூரிலும் எங்ஙனம் வெல்லும் என்று ஏளனம் செய்தாரும் உளர். குடிப்பவரிற் பெரும்பாலோரே குடியைப் பழிக்கும் ஒரு நாட்டுக்கும், குடியை விருந்தின் அங்கமாகக் கருதும் நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் எண்ணவில்லை என்பது எம் கருத்து.

மறு ஆண்டு 1938, அதே அக்டோபர் முதல் தேதியிற் சித்தூர், கடப்பை ஜில்லாக்களுக்கு மதுவிலக்கு விரிந்தது. அதற்கடுத்த 1939-இல், மீண்டும் அதே தேதியில், வட ஆர்க்காட்டுக்கு விரிந்தது. தேசப்படத்தை எடுத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். சேலம், வட ஆர்க்காடு, சித்தூர், கடப்பை ஆகிய நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. எல்லை எத்துணைக் குறுகுமோ அத்துணைக் கடத்தலும் குறையும். தனித்தனித் தீவுகளாக ஜில்லாக்களைத் தெரிந்தெடுத்திருந்தால் எல்லைக்காவலுக்கே பொக்கிஷம் போதாது.

1939-ஆம் ஆண்டின் அக்டோபர் முதல் தேதி மற்றொரு வகையாலும் நினைக்கத்தக்கது. நான்கு ஜில்லாக்களின் ஆப்காரி வருமானம் போனபின் ஏற்பட்ட பள்ளத்தை எதனால் நிரப்புவது? 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் பொருள் விற்பனையின்மீது வரி விதிக்கும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்திருந்தது. அதைக்கொண்டு இராஜாஜி இயற்றுவித்ததே சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். அதன்படியான வரி அன்று முதல் நடைமுறைக்கு வந்தது. எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் முதன்முதல் தோன்றியது இங்கேதான். ஆண்டு வியாபாரம் 10,000 ரூபாய்க்கு உட்பட்ட கடைக்காரருக்கு வரி இல்லை. அதற்கு மேல் 20,000 வரையிலும் மாதம் ஐந்து ரூபாய். அதற்கும் மேற்பட்டால் நூற்றுக்கு அரை ரூபாய். பருத்திக்கும் நூலுக்கும் விலக்கு உண்டு. கைத்தறித் துணியை மட்டுமே விற்கும் வணிகருக்கும் விலக்கு உண்டு. வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும் இளம்பிள்ளை, இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களை அறிந்த ஒருவர் இயற்றுவித்த சட்டம் என்பது அவ்விலக்கிலேயே தெரிகின்றது.

வணிகர் கொதித்தனர். கடைக்காரன் என்ன குற்றம் செய்தான், குடிகாரன் கட்டிய வரியை அவன் கட்டுவதற்கு என்று கேட்டனர். இக்கேள்வி கூர்மையானது. குடிப்பவன் மட்டும் செலுத்தியதை அனைவரும் பகிர்ந்து செலுத்த வேண்டும் என்பதே இவ்வரியின் உட்பொருள். ஒரு சமூகம் தன் ஏழையின் குடியை நிறுத்த விரும்பினால் அதற்குரிய விலையைத் தானே கொடுக்க வேண்டும் என்றார் மந்திரி சபையினர். வழக்கு கோர்ட்டுக்கும் போயிற்று. கடலை எண்ணெய் வணிகர் ஒருவர் தொடுத்த வழக்கில், விற்பனை வரி விதிக்க மாகாணத்துக்கு அதிகாரம் உண்டென்று 1942-இற் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்குள் மந்திரி சபையே இல்லை. மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இழுத்ததற்காகக் காங்கிரஸ் மந்திரிகள் 1939-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியிலேயே பதவி துறந்தனர். வரி நடைமுறைக்கு வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. பின்னர் ஆண்டது கவர்னரும் அவருடைய ஆலோசகர்களும். போர்க்காலத்திலேயே அவர்கள் மதுவிலக்கை நிறுத்திக் கடைகளைத் திறந்தனர். கடை திரும்பி வந்ததே, வரி திரும்பிப் போயிற்றா? இல்லை. கள்ளுக்குப் பதிலாகப் பிறந்த வரி, கள் வந்தபின்னும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. மற்ற மாகாணங்களும் ஒவ்வொன்றாக அதைக் கைக்கொண்டன. 1946-இல் பிரகாசம் பந்துலு சென்னையிற் பிரதம மந்திரியாயிருந்தபோது மதுவிலக்கு மீண்டும் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுமைக்கும் பரவிற்று. 1959-இற் புதிய விற்பனை வரிச் சட்டம் வந்தது; 2007-இல் மதிப்புக் கூட்டு வரி; 2017-ஆம் ஆண்டு ஜூலையிற் சரக்கு சேவை வரி. அச்சரக்கு சேவை வரியில் ஒரு விந்தை உண்டு. அரிசி மூட்டை முதல் அச்சுக்கூலி வரை அதன் வலைக்குள் வைத்து எண்ணிய சட்டம், மனிதர் அருந்தும் மதுவை வெளியே நிறுத்திற்று. மதுவின்மேல் வரி விதிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க மாநிலங்கள் இசையவில்லை. மதுவை விட்டொழிப்பதற்காகச் சேலத்தில் வித்திட்ட வரியின் வழிவந்தது, மதுவை விட்டுவிட்டு வேறு பலவற்றைப் பற்றிக்கொண்டது.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் தளர்த்தப்பட்டது. அதை நிறுத்த வேண்டுமென்று, தொண்ணூறு கடந்த முதுமையில் இராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியை நேரிற் சென்று வேண்டிக்கொண்டார். நிதி நிலைமை இடந்தரவில்லை என்பதே விடை. 1937-ஆம் ஆண்டின் அதே வாதம்! மறு ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி அவர் மறைந்தார். சில ஆண்டுகளிற் கடைகள் மூடப்பட்டதும், மீண்டும் திறந்ததும், 1983-இற் டாஸ்மாக் நிறுவனம் பிறந்ததும், 2003-இற் சில்லறை விற்பனையையும் அதுவே ஏற்றதும் அண்மைக் காலத்தார் அறிந்தவை; ஆதலின் விரிக்கவில்லை.

இனி 1953. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி, வியாழக்கிழமை, சென்னை இராஜ்யத்தினின்று தெலுங்கு ஜில்லாக்கள் பிரிந்து ஆந்திர இராஜ்யம் ஆயின. கர்நூலில் நடந்த விழாவிற் பிரதமர் நேரு அதைத் தொடங்கி வைத்தார். மொழியை அடிப்படையாகக் கொண்டு சுதந்தர இந்தியாவிற் பிறந்த முதல் இராஜ்யம் அது. பிறப்பதற்கு முன் ஓர் உயிரைக் கேட்டது. பொட்டி ஸ்ரீராமுலு 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில், புலுசு சாம்பமூர்த்தியின் இல்லத்தில், உண்ணா நோன்பு தொடங்கினார். டிசம்பர் 15-ஆம் தேதி இரவு உயிர் நீத்தார். நெல்லூர் முதலிய ஊர்களிற் கலகம் மூண்டது. நான்கு நாளில் நேரு புதிய இராஜ்யத்தை அறிவித்தார். இவையெல்லாம் நடந்தபோது சென்னையில் முதலமைச்சராயிருந்தவர் நம் சேலத்து வக்கீலே.

சென்னை மாநகர் யாருக்கு என்ற பிணக்கு பெரிதாயிருந்தது. தமிழரசுக் கழகத்து ம. பொ. சிவஞானம் முதலியோர் தலைநகரை விடமாட்டோம் என்று போராடினர். வடவெல்லையில் திருத்தணிக்காகவும் சித்தூருக்காகவும் போராடினர். சென்னை நம்மிடமே நின்றது; திருத்தணி 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நம்மிடம் வந்தது; சித்தூர் போயிற்று. பல்லாரி ஜில்லாவும் அன்றே உடைந்தது; ஆதோனி, ஆலூர், ராயதுர்க்கம் என்னும் மூன்று தாலூகாக்கள் ஆந்திரத்துக்கும், எஞ்சியவை மைசூருக்கும் சென்றன.

சேலத்துக்கு இதனால் நேர்ந்தது யாது என்பதைச் சொல்லாமல் விடலாகாது. அதுகாறும் ஒரே மாகாணத்தில் சித்தூரோடு உடன்பிறப்பாய் ஒட்டியிருந்த ஜில்லாவுக்கு, ஒரே நாளில் அப்பக்கமும் இராஜ்ய எல்லை ஆயிற்று. கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கும் குப்பத்து மக்களுக்கும் சந்தை ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று. ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்களிற் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவிற் கேட்கும். இராஜ்யக் கோடு அச்சந்தைக்கு ஊடே விழுந்தது. 1938-இல் எந்தச் சித்தூரோடு சேர்ந்து மதுவிலக்கு வேலி கட்டப்பட்டதோ, அந்தச் சித்தூர் இப்போது வேலிக்கு அப்பால்.

புதிய ஆந்திரத்தின் முதல் முதலமைச்சர் தங்குதூரி பிரகாசம். 1937-ஆம் ஆண்டு இராஜாஜி மந்திரி சபையில் ரெவினியூ மந்திரியாயிருந்து, சேலத்துக் கடைகளை மூடிய தீர்மானத்திற் பங்குகொண்டவர் அவரே. 1946-இல் அதற்கு மறு உயிர் கொடுத்தவரும் அவரே. சென்னையிலிருந்து பிரிந்தபோது ஆந்திரம் தன் பங்குச் சொத்தோடு சென்னையின் மதுவிலக்குச் சட்டத்தையும் எடுத்துச் சென்றது. ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களிற் பனையேறிப் பிழைப்போர் மிகப் பலர். அவர்கள் பிழைப்பு போயிற்றென்ற கூக்குரல் அங்கே ஓங்கிற்று. ஆராய்வதற்கென ஏற்படுத்திய குழு ஒன்று சட்டத்தை நீக்கிவிடலாம் என்று கூற, பிரகாசம் இசையவில்லை. எதிர்க்கட்சியார் இதையே பொருளாக்கி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தனர். 1954-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, ஒரே வாக்கு வித்தியாசத்தில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. மரத்தின் மேலிருந்தவனை ஒரு வரியிற் கடந்துவிடலாகாது என்று முன்னர்க் கூறினோமன்றோ? அவன் கர்நூலில் ஓர் ஆட்சியையே இறக்கிவிட்டான். அடுத்த ஆண்டு தேர்தலுக்குப்பின் அங்கே முதலமைச்சரானவர் பெஜவாடா கோபால ரெட்டி. அவரும் 1937-ஆம் ஆண்டு மந்திரி சபையில் இராஜாஜியோடு அமர்ந்திருந்தவர்.